டிராக்டர் டயருக்குத் தண்ணீர் ஏற்றப் போறீங்களா? முதல்ல பத்து சுற்று எண்ணுங்க!

ஆவணி பிறந்துவிட்டால் கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காடுகளில் டிராக்டர் சத்தம் ஓயாது. வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் உழுது போட்டாக வேண்டும். அந்த அவசரத்தில்தான் சின்ன டிராக்டர் வைத்திருப்பவர்கள் பலரும் ஒரே தொல்லையைச் சந்திக்கிறார்கள். கலப்பையை இறக்கியதும் இன்ஜின் முக்குகிறது, பின் சக்கரம் சுற்றுகிறது, வண்டி மட்டும் நகர மறுக்கிறது. வேறு வழியில்லாமல் லிஃப்ட்டைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு ஓட்டுகிறார்கள். வண்டி ஓடும்; ஆனால், உழவு மேலாகப் போய்விடும். அகல உழுவதைவிட ஆழ உழுவதே மேல் என்று சொல்லி வளர்ந்த ஊரில், காசு கொடுத்து டீசல் ஊற்றி மண்ணைச் சுரண்டுவதுபோல ஆகிவிடுகிறது.

ஊரில் யாராவது ஒரு பெரியவர் உடனே வைத்தியம் சொல்வார். டயருக்குத் தண்ணீர் ஏற்றிவிடு என்பார். வைத்தியம் சரியானதுதான். ஆனால் எவ்வளவு ஏற்றுவது, எந்த வேலைக்கு ஏற்றுவது, எப்போது இறக்குவது என்பது தெரியாமல் செய்தால், கியரும் மண்ணும் கெடும். சில நேரம் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

ஏன் தண்ணீர்?

15 முதல் 30 குதிரைத்திறன் வரையுள்ள சின்ன டிராக்டர்களில் பல, ஒரு டன்னை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோதான் எடை இருக்கும். கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தலுக்குள்ளும், பொள்ளாச்சியின் தென்னந்தோப்புக்குள்ளும் நுழைந்து திரும்ப அந்த லேசான உடம்புதான் வசதி. ஆனால், கட்டாந்தரையில் கலப்பையை இழுக்கும்போது அதே லேசான உடம்பு குறையாகிவிடுகிறது. இன்ஜினில் இருக்கும் சக்தி மண்ணுக்குப் போய்ச் சேர, டயர் மண்ணை அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தம் போதவில்லை என்றால் டயர் வழுக்கும்.

டிராக்டருக்குக் காற்று டயர் வந்ததே 1930-களில்தான். அமெரிக்காவின் ஆலிஸ் சால்மர்ஸ் நிறுவனம் 1932-ல் தன் 'யு' மாடல் டிராக்டரைக் காற்று டயரோடு விற்கத் தொடங்கியது. அதற்கு முன்பு முள் வைத்த இரும்புச் சக்கரங்கள்தான். காற்று டயர் குலுங்காமல் ஓடியது, ஆனால் லேசாக இருந்தது. அந்த வெற்றிடத்தில் தண்ணீரை நிரப்பி எடை கூட்டும் வழக்கம் அப்படித்தான் பரவியது. குளிர் நாடுகளில் தண்ணீர் உறைந்துவிடும் என்பதால் கால்சியம் குளோரைடு உப்பு கலக்கிறார்கள். பீட்ரூட்டின் உறவான சர்க்கரைக் கிழங்கின் சாற்றுக் கழிவைக்கூட ஊற்றுகிறார்கள். நம் சமவெளியில் அந்தக் கவலை இல்லை. வெறும் தண்ணீர் போதும்.

இரும்பு எடைக்கட்டிகளையும் சக்கரத்தில் மாட்டலாம். ஆனால், தண்ணீருக்குக் காசு இல்லை. அதோடு, டயருக்குள் இருக்கும் தண்ணீரின் எடை அச்சில் ஏறாமல் நேராகத் தரையில் இறங்குகிறது. அதில் பெரும்பகுதி தாழ்வாகவே இருப்பதால் வண்டியின் நிலைப்பும் ஓரளவு கூடுகிறது.

பத்து சுற்று கணக்கு

தண்ணீர் தேவையா இல்லையா என்பதை ஊகத்தில் முடிவு செய்ய வேண்டியதில்லை. ஒரு சாக்பீஸும் அளவு நாடாவும் போதும்.

பின் டயரின் பக்கவாட்டில் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். உழப்போகும் நிலத்தில், கலப்பையைத் தூக்கிய நிலையில், டயர் பத்து சுற்று சுற்ற எத்தனை மீட்டர் போகிறது என்று அளக்க வேண்டும். பிறகு கலப்பையை இறக்கி, வழக்கமான ஆழத்தில் உழுதபடி அதே பத்து சுற்றை அளக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, முதல் அளவு 33 மீட்டர், இரண்டாவது 26 மீட்டர் என்றால் 7 மீட்டர் வழுக்கலில் போயிருக்கிறது. 33-ல் 7 என்பது 21 சதவீதம். நூறு அடி போக வேண்டிய சக்கரம் 79 அடிதான் போகிறது. மிச்ச டீசலும் டயர் ரப்பரும் வீண்.

உழவு வேலையில் 10 முதல் 15 சதவீதம் வரை வழுக்கல் இருப்பது நல்லது. இந்த எடுத்துக்காட்டில், தண்ணீர் ஏற்றிய பிறகு இரண்டாவது அளவு 29 மீட்டருக்கு வந்தால் வழுக்கல் 12 சதவீதம். அதற்கு மேல் எடை தேவையில்லை.

வழுக்கலே கூடாது என்று நினைப்பதும் தவறு. பாறையிலோ வேரிலோ கலப்பை மாட்டினால், டயர் கொஞ்சம் வழுக்கித்தான் அந்த அதிர்ச்சியைத் தணிக்கிறது. டயர் அசையாமல் பிடித்துக்கொண்டால் அந்த அடி முழுவதும் கிளட்சிலும் கியரிலும் இறங்கும். தேவைக்கு மேல் எடை ஏற்றினால் மண்ணும் இறுகும். உழவுக்காக ஏற்றிய எடை, உழவையே கெடுத்துவிடும்.

டயர் தடத்தைப் பார்த்தும் சொல்லலாம். பட்டைகளின் அச்சு கலைந்து மண் குழம்பிக் கிடந்தால் வழுக்கல் அதிகம். அச்சில் வார்த்ததுபோலப் பட்டைகள் துல்லியமாகப் பதிந்திருந்தால் எடை அதிகம். ஓரங்கள் தெளிவாகவும் நடுப்பகுதி சற்று உடைந்தும் இருந்தால் சரியான அளவு.

எவ்வளவு பிடிக்கும்?

பொதுவான விதி, டயரின் கொள்ளளவில் முக்கால் பங்கு. வால்வு உச்சியில் இருக்கும்படி சக்கரத்தைத் திருப்பி, வால்வு மட்டம் வரை தண்ணீர் நிரப்பினால் அதுதான் முக்கால் பங்கு. தனியாக அளக்க வேண்டியதில்லை. மிச்சக் கால் பங்கில் காற்று இருந்தே ஆக வேண்டும். தண்ணீர் அமுங்காது, காற்றுதான் அமுங்கும். முழுக்கத் தண்ணீர் நிரப்பிய டயர் கல்லில் ஏறினால் அதிர்ச்சியைத் தாங்க ஒன்றும் இருக்காது.

இந்த அளவில், 8.3-24 டயருக்கு ஏறக்குறைய 60 லிட்டர், 11.2-24 டயருக்கு 110 லிட்டர், 13.6-28 டயருக்கு 190 லிட்டர் பிடிக்கும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஆக, 11.2-24 டயர் போட்ட வண்டியில் இரண்டு பக்கமும் சேர்த்து 200 கிலோவுக்கு மேல் கூடிவிடும். முதலில் பாதி ஏற்றிப் பத்து சுற்று கணக்கைப் பார்த்துவிட்டு மிச்சத்தை ஏற்றுவது புத்திசாலித்தனம். இரண்டு பக்கமும் சம அளவு இருக்க வேண்டும். ரேடியல் டயர் என்றால் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கடிகாரத்தில் 4 அல்லது 8 மணி முள் இருக்கும் இடத்தில் வால்வை வைத்து நிரப்பினால் அந்த அளவு வரும். எதுவானாலும் வண்டியோடு வந்த கையேட்டில் சொல்லியிருக்கும் எடை வரம்பை மீறக் கூடாது.

வீட்டில் ஏற்றும் முறை

வண்டியைச் சமமான கெட்டித் தரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் போட வேண்டும். முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். ஒரு பக்கப் பின் அச்சுக்கு அடியில் ஜாக்கி வைத்து, டயர் தரையை விட்டு எழும்பும் அளவுக்கு மட்டும் தூக்கி, உடனே அச்சுக்குக் கீழே உறுதியான கட்டையோ ஸ்டாண்டோ கொடுத்துவிட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கை நீட்டக் கூடாது. பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது.

கியரிலும் பிரேக்கிலும் இருக்கும்வரை தூக்கிய சக்கரம் கையால் சுற்ற வராது; கட்டைகளும் ஸ்டாண்டும் உறுதியாக இருப்பதைப் பார்த்த பிறகே கியரை நியூட்ரலுக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டும். சுற்றி வால்வை உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். டிராக்டரின் பின் டியூப்களில் பெரும்பாலும் காற்று, தண்ணீர் இரண்டுக்கும் பொருந்தும் வால்வு இருக்கும். அதன் மேல் பகுதியைக் கழற்றினால் அகலமான துளை கிடைக்கும். முகத்தை விலக்கிக்கொண்டு, காற்று முழுவதும் மெதுவாக இறங்கிய பிறகே அதைக் கழற்ற வேண்டும்.

இதற்கென்று விற்கும் அடாப்டரை வால்வில் மாட்டி, தண்ணீர் ஹோஸை இணைக்கலாம். மோட்டார்கூடத் தேவையில்லை, மொட்டை மாடித் தொட்டியே போதும். தொட்டி ஐந்து மீட்டர் உயரத்தில் இருந்தால் ஏறக்குறைய 7 பி.எஸ்.ஐ. அழுத்தம் கிடைக்கும். தண்ணீர் உள்ளே போகப் போக உள்ளிருக்கும் காற்று அமுங்கி, ஒரு கட்டத்தில் தண்ணீர் ஏறுவது நின்றுவிடும். அப்போது ஹோஸை எடுத்துக் காற்றை வெளியே விட்டு மறுபடி மாட்ட வேண்டும். நான்கைந்து முறை இப்படிச் செய்தால், காற்றுக்குப் பதில் வால்விலிருந்து தண்ணீர் பீறிடும். அதுதான் முக்கால் பங்கு. காற்றை வெளியேற்றும் பொத்தான் உள்ள அடாப்டர் என்றால் ஹோஸைக் கழற்ற வேண்டிய வேலை மிச்சம்.

பிறகு வால்வைப் பூட்டி, கையேட்டில் உள்ள அளவுக்குக் காற்று அடிக்க வேண்டும். வயல் வேலைக்குப் பொதுவாக 12 முதல் 20 பி.எஸ்.ஐ.க்குள் இருக்கும். உள்ளே காற்றுக்கான இடம் குறைவு என்பதால் அழுத்தம் சட்டென்று ஏறும். கம்ப்ரஸரைத் திறந்துவிட்டு வேறு பக்கம் பார்க்கக் கூடாது. அதே காரணத்தால், சின்னக் கசிவுகூட அழுத்தத்தை வேகமாகக் குறைக்கும். வாரம் ஒருமுறை, வால்வை உச்சியில் வைத்து, தண்ணீர் பட்டாலும் கெடாத கேஜால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உப்பு ஏறிய போர்வெல் தண்ணீரைத் தவிர்ப்பது நல்லது. டியூப் கசிந்தால் அந்த உப்பு ரிம்மை அரிக்கும். டியூப் இல்லாத டயர் என்றால் கேட்கவே வேண்டாம். மழைநீரோ நல்ல கிணற்று நீரோ வடிகட்டி ஊற்றலாம். பஞ்சர் ஆனால், கடைக்காரரிடம் உள்ளே தண்ணீர் இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நூறு கிலோ தண்ணீரோடு இருக்கும் சக்கரத்தை ஒருவர் தனியாகக் கழற்ற முயன்றால், அது மேலே சாய்ந்தால் தாங்க முடியாது.

சேற்றுழவுக்கு முன் இறக்குங்க

காவிரிப் படுகையில் நடவுக்குச் சேற்றுழவு செய்கிறவர்களுக்குக் கணக்கே வேறு. சேற்றில் பிடிப்பைத் தருவது கூண்டுச் சக்கரம், எடை அல்ல. தண்ணீர் ஏற்றிய டயரோடு வயலில் இறங்கினால் வண்டி இன்னும் ஆழமாகப் புதையும்.

இறக்குவதும் எளிது. சக்கரத்தைத் தூக்கி, வால்வைக் கீழ்ப்பக்கம் கொண்டுவந்து திறந்தால் பெரும்பகுதி வடிந்துவிடும். வால்வு மட்டத்துக்குக் கீழே, டயர் கொள்ளளவில் கால் பங்கு தங்கும். மெல்லிய குழாயை உள்ளே விட்டுக் காற்றழுத்தத்தால் அதை வெளியேற்றலாம்.

முன் சக்கரம் தூக்கினால்?

தண்ணீர் ஏற்றியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். வண்டி கனமாகிவிட்டது, இனி கவிழாது என்று நினைக்கிறார்கள். கரும்பு ஏற்றிய டிரெய்லரை மேட்டில் இழுக்கும்போது முன் சக்கரம் தூக்குகிறது என்றால், பின் டயரில் இருக்கும் தண்ணீர் அதைத் தடுக்காது. அந்த எடை பின் அச்சுக்கு நேர் கீழேதான் இருக்கிறது. முன்பக்கத்தைக் கீழே அழுத்த அதனால் முடியாது. முன்பெல்லாம் வழுக்கி நின்ற டயர், இப்போது மண்ணைப் பிடித்துக்கொண்டு முன்பக்கத்தை இன்னும் வேகமாகத் தூக்கவும் வாய்ப்பு உண்டு. டிராக்டர் பின்பக்கமாகக் கவிழ்வது கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துவிடும். ஓட்டுநர் குதித்துத் தப்ப நேரம் இருக்காது.

வண்டி எடையில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது முன் சக்கரங்களில் இருந்தால்தான் ஸ்டியரிங் கட்டுப்பாட்டில் இருக்கும். அதற்கு வழி, முன் பம்பரில் மாட்டும் எடைக்கட்டிகள். டிரெய்லரையோ மரத்தையோ அதற்குரிய கொக்கியில் மட்டும் மாட்ட வேண்டும். பின் அச்சைவிட உயரமான எந்த இடத்திலும் சங்கிலி கட்டி இழுக்கவே கூடாது. வண்டியில் பாதுகாப்புச் சட்டம் இருந்தால் சீட் பெல்ட் போட்டே ஓட்ட வேண்டும். மட்கார்டில் பிள்ளைகளை உட்கார வைத்துக் காட்டுக்குப் போகும் பழக்கத்தை இத்தோடு விட்டுவிடுவது நல்லது.

தண்ணீர் ஏற்றிய தேதியையும், எந்தப் பக்கம் எத்தனை லிட்டர் என்பதையும் மட்கார்டின் உள்பக்கம் பெயின்ட்டால் எழுதி வைத்துவிடலாம். நாளைக்கு வண்டியை மகனோ மருமகளோ ஓட்டலாம், பஞ்சர் கடைக்காரர் கழற்றலாம். டயருக்குள் என்ன இருக்கிறது என்பது வெளியே இருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது.