காரைத் தாழ்த்துமுன் அப்சார்பரைப் பாருங்கள்

ஜொகூரில் யோங் பெங்கிலிருந்து லாபிஸ், சிகாமட் என்று ஓடும் முதலாம் எண் கூட்டரசுச் சாலையில் இருக்கிறது சா ஆ. சாலையை விட்டு இறங்கினால் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதை. பழைய சாகாவோ மைவியோ வைத்திருக்கும் இளைஞர்களுக்கு இந்தப் பாதையிலும் காரைத் தாழ்த்தி ஓட்ட ஆசை. ஆசைப்படட்டும். கையில் இருக்கும் கொஞ்சம் வெள்ளியை எதில் போடுவது?

பணமே வேண்டாத வழி, ஸ்பிரிங்கை வெட்டுவது. வளையம் குறைந்தால் ஸ்பிரிங் விறைக்கும். வேலை செய்யும் ஆறு வளையங்களில் ஒன்று போனால் விறைப்பு ஏறக்குறைய 20 விழுக்காடு கூடிவிடும். அந்த விறைப்புக்காக அப்சார்பர் செய்யப்படவில்லை. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நழுவவும் கூடும். இதை மலிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தந்த மாடலுக்கென்றே வரும் ஸ்போர்ட் ஸ்பிரிங் நியாயமான தேர்வு. உள்நாட்டு நிறுவனமான ஏபிஎம் ஸ்பிரிங்கும் அப்சார்பரும் தயாரிக்கிறது. ஜப்பானின் கேஒய்பி அப்சார்பருக்குப் பெயர் போனது. 30 மில்லிமீட்டர் இறக்கினால் நம் பக்கத்துக்குப் போதும். தைப்பூசத்துக்கு ஐந்து பேரும் மூட்டை முடிச்சுமாகப் பத்துமலைக்குப் புறப்படும்போது பின்பக்கம் இன்னும் இறங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஸ்பிரிங் காரைத் தாங்குகிறது. அதன் துள்ளலை அடக்குவது அப்சார்பர். கார் தாழ்ந்தால் அப்சார்பர் எந்நேரமும் பாதி அமுங்கிய நிலையில் உழைக்கிறது, பம்ப் ஸ்டாப்பில் சீக்கிரமே இடிக்கிறது. ஏற்கெனவே தேய்ந்ததென்றால் ஒழுக ஆரம்பித்துவிடும். அதன் உடம்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். காரின் ஒவ்வொரு மூலையையும் அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழும்பி நிற்க வேண்டும், ஆடிக்கொண்டே இருந்தால் அதற்கு ஆயுள் முடிந்தது. ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறதென்றால் புது அப்சார்பரை முதலில் வாங்குங்கள், ஸ்பிரிங் அடுத்த மாதம் வரட்டும். கழற்றிப் பூட்டும் கூலியை மிச்சப்படுத்த நினைப்பவர், இரண்டுக்கும் காசு சேரும்வரை காத்திருந்து பம்ப் ஸ்டாப்பையும் சேர்த்தே மாற்றிவிடலாம்.

மலிவான ஹை-லோ செட் கண்ணைப் பறிக்கும். ஆனால் செம்மண்ணும் சேறும் அதன் மரையில் ஏறி இறுகிவிட்டால் உயரம் மாற்றும் வசதி வெறும் பேச்சுதான். பழைய பொருள் கடையில் எடுக்கும் அப்சார்பர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யார் கண்டது?

பூட்டியதும் அலைன்மென்ட் பார்க்காமல் விட்டால் டயரின் உள்விளிம்பு தேயும். பார்ப்பதற்கு ஆகும் காசு ஒரு டயர் விலையில் சிறு பங்குதான்.

கழற்றிய பழைய ஸ்பிரிங்கை இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். காரை விற்கும்போது பெயர் மாற்றத்துக்கு முன் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். வாங்குகிறவரும் பெரும்பாலும் பழைய உயரத்தைத்தான் கேட்பார்.