சரக்குக்குத் திறந்த துறைமுகம், மாலுமிக்கு மூடிய கரை

இந்தியாவின் வெளிநாட்டு வணிகத்தில், அளவின்படி ஏறத்தாழ 95 விழுக்காடு கடல் வழியாகவே நடைபெறுவதால், 2020 மார்ச் 25இல் நாடு தழுவிய ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோதும் துறைமுகங்களை மூட இயலவில்லை. கச்சா எண்ணெயும் நிலக்கரியும் உரமும் சமையல் எண்ணெயும் வந்து சேர்ந்தாக வேண்டியிருந்தது. ஆனால் கப்பலிலிருந்து இறக்கிய கன்டெய்னரை எடுத்துச் செல்ல லாரியும் ஓட்டுநரும், சுங்க ஆவணங்களை முடித்துத் தரும் முகவரும், சரக்கைப் பெற்றுக்கொள்ளும் தொழிற்சாலையும் இயங்க வேண்டும். இவை நின்றுபோனதால் துறைமுக வளாகங்களில் பெட்டிகள் தேங்கின. குறித்த நாளுக்குள் எடுக்கப்படாத சரக்குக்கு விதிக்கப்படும் டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போக, பெருந்தொற்றை இயற்கைப் பேரிடராகக் கருதி விலக்கு அளிக்குமாறு பெரிய துறைமுகங்களுக்குக் கப்பல் போக்குவரத்து அமைச்சகம் அறிவுறுத்தியது.

2019-20இல் ஏறத்தாழ 70.5 கோடி டன் சரக்கைக் கையாண்ட இத்துறைமுகங்கள் 2020-21இல் 67 கோடி டன்னைக் கையாண்டன. ஐந்து விழுக்காட்டை ஒட்டிய இச்சரிவை மட்டும் கொண்டு பாதிப்பை அளந்தால், உண்மையான இழப்பு கண்ணில் படாமலே போகும்.

அவ்விழப்பின் ஒரு பகுதி சற்றுத் தாமதமாக வெளிப்பட்டது. இறக்குமதிச் சரக்கோடு வரும் கன்டெய்னர்களில்தான் ஏற்றுமதிச் சரக்கு திரும்பிச் செல்கிறது என்பதால், இறக்குமதி குறைந்தபோது காலிப் பெட்டிகளின் வரவும் குறைந்து, தூத்துக்குடி வழியாகப் பின்னலாடைகளை அனுப்பும் திருப்பூர் ஏற்றுமதியாளர் வரை அத்தட்டுப்பாடு எட்டியது. உலகின் முதன்மைக் கப்பல் வழித்தடங்களில் 40 அடிப் பெட்டி ஒன்றுக்கு 2019இல் சராசரியாக 1,500 டாலருக்கும் குறைவாக இருந்த வாடகை, 2021 செப்டம்பரில் 10,000 டாலரைத் தாண்டியது.

மீன்பிடித் தொழிலுக்கோ அடி உடனே விழுந்தது. கிழக்குக் கடற்கரையில் மீன்களின் இனப்பெருக்கத்துக்காக ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. அதற்கு முந்தைய மூன்று வாரங்களையும் ஊரடங்கு பறித்துக்கொண்டது. அவ்விழப்பை ஈடுசெய்யும் நோக்கில் மத்திய அரசு அவ்வாண்டுத் தடைக்காலத்தை மே 31உடன் முடித்து, 47 நாளாகச் சுருக்கியது. பிழைப்புக்காகக் குஜராத்தின் வெராவல் துறைமுகத்துக்குச் சென்றிருந்த ஆந்திர மீனவர் ஆயிரக்கணக்கானோர், கடலுக்கும் போக முடியாமல் ஊருக்கும் திரும்ப முடியாமல், கரையோரம் நெருக்கிக் கட்டிய படகுகளிலேயே வாரக்கணக்கில் தங்கியிருந்து, ஏப்ரல் இறுதியில்தான் பேருந்துகளில் ஊர் திரும்பினர்.

எல்லாவற்றினும் கொடிய சுமை கப்பல் பணியாளர் மீதே விழுந்தது. உலகக் கப்பல் பணியாளருள் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இந்தியர். ஒப்பந்தக் காலம் முடிந்தவர் ஒரு துறைமுகத்தில் இறங்கி விமானத்தில் வீடு திரும்ப, புதியவர் அதே துறைமுகத்தில் ஏறுவதே வழக்கம்; இறங்குவதை அவர்கள் ‘சைன் ஆஃப்’ என்பர். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 2006, ஒருவரைத் தொடர்ந்து பன்னிரண்டு மாதங்களுக்குக் குறைவாகவே கப்பலில் வைத்திருக்க இடமளிக்கிறது. விமானங்கள் நின்று, நாடுகள் தம் கரைகளை மூடியதும் இம்முறை அடியோடு குலைந்தது. 2020இன் இறுதியில், ஒப்பந்தம் முடிந்தும் இறங்க இயலாதவர் உலகெங்கும் ஏறத்தாழ 4,00,000 பேர் எனச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு கணக்கிட்டது. தாம் கொண்டுவந்த சரக்கு இறங்குவதைக் கப்பல்தளத்தில் நின்று பார்த்தவருக்குக் கைக்கெட்டும் தொலைவிலிருந்த கரையில் கால்வைக்கவும் உரிமை இல்லை. அவசர மருத்துவத்துக்குக் கூடப் பல துறைமுகங்கள் அனுமதி மறுத்தன. ஆஸ்திரேலிய நிலக்கரியுடன் 2020 ஜூனில் சீனாவின் ஜிங்டாங் துறைமுகத்தருகே நங்கூரமிட்ட ‘ஜக் ஆனந்த்’ கப்பலின் 23 இந்தியர், தொற்றுக் கட்டுப்பாட்டுக்கும் சீன-ஆஸ்திரேலிய வணிகப் பூசலுக்கும் இடையே சிக்கி, 2021 ஜனவரியில் ஜப்பானின் சிபா துறைமுகத்தை அடைந்த பின்னரே விடுபட்டனர்.

இந்தியத் துறைமுகங்களில் இந்தியப் பணியாளர் ஏறவும் இறங்கவும் 2020 ஏப்ரல் 21இலேயே மத்திய அரசு அனுமதித்தது பாராட்டுக்குரியது. ஆயினும் பிற நாடுகளின் கரைகள் திறக்காதவரை அது பாதித் தீர்வாகவே இருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை, கப்பல் பணியாளரை இன்றியமையாப் பணியாளராக அறிவிக்குமாறு உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. உடனடி மருத்துவம் தேவைப்படும் மாலுமியைத் தாமதமின்றிக் கரையிறக்க வேண்டும் என்ற கடமை, 2022இல் ஏற்கப்பட்ட திருத்தத்தின் மூலம் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் சேர்க்கப்பட்டு, 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது.