உங்கள் வைத்தியக் குறிப்பு யார் பொறுப்பில்?

கர்ப்பம் பதிந்தது, பிரசவம் ஆனது, குடும்பநல ஆபரேஷன் செய்தது எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் ஏறுகிறது. "அதை யார் யார் பார்ப்பாங்களோ?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

ஓர் ஆஸ்பத்திரிக் குறிப்பை இன்னோர் ஆஸ்பத்திரி பார்க்கும் ஏற்பாடு 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுமைக்கும் தொடங்கப்பட்டது. அதற்கான 14 இலக்க எண்தான் 'ஆபா'. நடத்துவது 2019-ல் அமைந்த தேசிய சுகாதார ஆணையம். ஆணையத்துக்கு மேலே ஒரு நிர்வாகக் குழு உண்டு.

பஞ்சாயத்து மாதிரி இதற்கு ஓட்டுப்பெட்டி கிடையாது. பெரும்பாலும் பதவிதான் ஆளைக் கொண்டுவருகிறது. மத்திய சுகாதார அமைச்சர் யாரோ, அவரே தலைவர். அமைச்சர் மாறினால் தலைவரும் மாறுவார். நிதி ஆயோக் தலைமை அதிகாரியும் அப்படித்தான் வருகிறார். மாநிலச் சுகாதாரச் செயலாளர்களுக்கு முறைத்தண்ணீர் போல முறைவைத்து இடம். துறையறிந்த நிபுணர்களை மத்திய அரசு நியமிக்கும். ஆணையத்தின் தலைமைச் செயல் அதிகாரியே குழுவின் செயலர். வைத்தியம் பார்த்துக்கொள்ளும் சாதாரண ஜனங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டால் நல்லது என்பது என் எண்ணம்.

குழுவில் யார் இருந்தாலும், இந்த ஏற்பாட்டில் உங்கள் சம்மதமில்லாமல் குறிப்பைக் காட்டக்கூடாது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். ஆபா எண் எடுப்பதும் அவரவர் விருப்பம், கட்டாயமில்லை.

மனைவியின் குறிப்புக்கு மனைவிதான் சம்மதம் தர வேண்டும். கணவர் "நான் சொல்லிட்டேன், போட்டுக்குங்க" என்றால் போதாது. ஆகவே பதிவு செய்யும்போது, அவருக்கென்று செல்போன் இருந்தால் அந்த நம்பரையே கொடுங்கள். ஓ.டி.பி. கேட்டால், எதற்கு என்று செவிலியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்லுங்கள்.