முதிய சர்ப்பத்தின் தேக நலம்

வண்டலூர் உயிரியல் பூங்காவில் மலைப்பாம்பை வியந்து நோக்குவோர், அதற்கும் வயோதிகம் உண்டென்று நினைப்பதில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலைக்கு 1961இல் வந்த பந்து மலைப்பாம்பொன்று, அறுபது பிராயம் கடந்தபின், 2020இல் 7 முட்டைகள் இட்டது.

முதிய பாம்புக்குச் சட்டை முழுதாய்க் கழலாமல் துண்டு துண்டாய்க் கிழிவதும், கண்ணின்மேல் பழைய படலம் ஒட்டிக்கொண்டு பார்வையை மங்கச் செய்வதும், சிறுநீரகம் தளர்ந்து யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளில் படிவதும் நேரக்கூடும். அப்படலத்தை நகத்தால் பிய்ப்பது பெருங்கொடுமை, கண்ணே சேதமாகிவிடும். கூண்டில் ஈரப்பதத்தை உயர்த்தி, மிருக வைத்தியரிடம் காட்டுவதே உசிதம். வாய் திறந்து மூச்சு வாங்கினால், ஒருநாளும் தாமதிக்கலாகாது.

நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பதையோ 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. அது மிக நியாயமே.