கடைசி அணிக்கு முதல் ஆள்

கல்லூரிக் கால்பந்து வீரர்களைப் பங்கிட்டுக்கொள்ளும் அமெரிக்க ‘டிராஃப்ட்’ முறையால் உண்மையில் யாருக்கு லாபம்?

அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏப்ரல் இறுதியில் ஒரு விளையாட்டுத் திருவிழா நடக்கிறது. அதில் பந்து இல்லை, வெற்றி தோல்வி இல்லை. மேடையில் பெயர்களை வாசிப்பார்கள், அவ்வளவுதான். 2024-ல் டெட்ராய்ட் நகரில் மூன்று நாள் நடந்த இந்தப் பெயர் வாசிப்பைக் காண ஏழே முக்கால் லட்சம் பேர் திரண்டார்கள். நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி, தலைக்கவசத்தோடு மோதி முன்னேறும் ஆட்டத்தைத்தான் அமெரிக்கர்கள் கால்பந்து என்கிறார்கள். அதன் உச்சத்தில் இருப்பது என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக். கல்லூரிகளில் ஆடித் தேர்ந்த இளைஞர்களை அதன் 32 அணிகளும் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வதுதான் ‘டிராஃப்ட்’. முந்தைய பருவத்தில் கடைசியில் நின்ற அணிக்கு முதல் வாய்ப்பு, சாம்பியனுக்கு 32-வது வாய்ப்பு. ஏழு சுற்றுகளில் ஏறத்தாழ 260 பேர் எடுக்கப்படுவார்கள். தங்கள் முறையை வேறோர் அணிக்கு விட்டுக்கொடுத்துப் பதிலுக்கு வேறு எதையாவது வாங்கிக்கொள்ள அணிகளுக்கு உரிமை உண்டு. அந்த உரிமை வீரருக்கு மட்டும் கிடையாது. எந்த அணி எடுத்ததோ அதனுடன் மட்டுமே அவர் சம்பளம் பேச முடியும்.

பொறியியல் கல்லூரியில் முதலிடம் பெற்ற மாணவியிடம், “சென்ற ஆண்டு அதிக நட்டம் கண்ட கம்பெனி எதுவோ, அதில்தான் நீ சேர வேண்டும், சம்பளமும் ஏற்கெனவே முடிவாகிவிட்டது” என்று சொன்னால் எப்படி இருக்கும்? டிராஃப்ட் அதைத்தான் சொல்கிறது. நமக்குப் பழகிய ஐபிஎல் ஏலத்திலும் வீரருக்கு ஊரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லைதான். ஆனால் இரண்டு அணிகள் விடாப்பிடியாகக் கை தூக்கினால் அவருடைய விலையாவது ஏறும். டிராஃப்டில் கை தூக்குவது ஒரே ஓர் அணி. பலவீனமான அணிகளைத் தூக்கிவிடவே இந்த ஏற்பாடு என்று லீக் சொல்கிறது. இந்தக் கட்டுரையின் வாதம் வேறு. அணிகளுக்கிடையே சமநிலையைக் கொண்டுவந்ததில் டிராஃப்டின் பங்கு சிறியது. இளைஞர்களின் உழைப்பை மலிவாக வைத்திருப்பதில் அதன் பங்கு மிகப் பெரியது. முதல் வேலையை இரண்டாவது வேலை இல்லாமலே செய்துகொள்ள வழியும் இருக்கிறது.

வாசல் வரை வரும் வழி

பள்ளிப் படிப்பை முடித்து மூன்று ஆண்டுகள் ஆகாத யாரும் டிராஃப்டுக்குப் பெயர் கொடுக்க முடியாது. என்எஃப்எல்லுக்கு இளைஞர் பயிற்சி அணிகள் கிடையாது. எனவே அந்த மூன்று ஆண்டுகளையும் கழிக்க நடைமுறையில் கல்லூரி ஒன்றே வழி. நான்கு ஆண்டுத் தகுதிக் காலத்தை முடித்தவர் தாமாகவே பட்டியலுக்கு வந்துவிடுவார். அதற்கு முன்பே போக விரும்புகிறவர் ஜனவரி நடுவில் முடிவெடுக்க வேண்டும். அவருக்கு உதவ லீக் ஓர் ஆலோசனைக் குழு வைத்திருக்கிறது. முதல் சுற்றுக்குத் தேறுவாய், இரண்டாம் சுற்றுக்குத் தேறுவாய், கல்லூரியிலேயே இரு என்ற மூன்றில் ஒன்றுதான் அதன் பதிலாக இருக்கும். அடுத்து, தேர்ந்தெடுத்த முந்நூற்றுச் சொச்சம் பேரை இண்டியானாபொலிஸ் நகருக்கு அழைத்துச் சோதிக்கிறார்கள். நாற்பது கஜ ஓட்டத்தை நொடியின் நூறில் ஒரு பங்கு வரை அளக்கிறார்கள். 102 கிலோ எடையை எத்தனை முறை தூக்குகிறார் என்று எண்ணுகிறார்கள். பழைய காயங்களை மருத்துவர்கள் துருவிப் பார்க்கிறார்கள். இவ்வளவும் கடந்து, டிராஃப்டுக்குத் தகுதி பெற்ற கல்லூரி வீரர்களில் எடுக்கப்படுபவர் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. யாரும் எடுக்காமல் விட்ட வீரர் 32 அணிகளில் எதனுடனும் பேசலாம். கடைசிச் சுற்றில் எடுக்கப்படுவதைவிட எடுக்கப்படாமல் இருப்பதே மேல் என்று ஏஜெண்டுகள் சொல்வதுண்டு. திறமை கூடக் கூடச் சுதந்திரம் குறைகிற விசித்திரமான சந்தை இது.

சமநிலை எங்கிருந்து வந்தது?

இந்த யோசனையை 1935-ல் முன்வைத்தவர் பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல். நல்ல வீரர்கள் பணக்கார அணிகளுக்கே போய்விடுகிறார்கள், நலிந்த அணிகள் மூடவேண்டி வரும் என்பது அவர் வாதம். 1936 பிப்ரவரியில் பிலடெல்ஃபியா ஓட்டல் ஒன்றில் ஒன்பது அணிகள் கூடி 81 பேரைத் தேர்ந்தெடுத்தன. கடைசியில் நின்ற ஈகிள்ஸுக்கே முதல் வாய்ப்பு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கரை எடுத்தார்கள். அவரைப் பேசிப் பெறும் உரிமை பிறகு சிகாகோ பேர்ஸுக்குக் கைமாறியது, அங்கும் சம்பளம் ஒத்துவரவில்லை. வரலாற்றின் முதல் டிராஃப்ட் வீரர் ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடாமல் வேறு பிழைப்பைப் பார்க்கப் போனார்.

டிராஃப்ட் சமநிலையைத் தந்தது என்றால் அதன் முதல் பத்தாண்டில் அது தெரிந்திருக்க வேண்டும். 1936 முதல் 1944 வரை ஒன்பது இறுதிப் போட்டிகளிலும் மாறி மாறி நின்றவை நான்கே அணிகள்: பேக்கர்ஸ், பேர்ஸ், ஜயன்ட்ஸ், ரெட்ஸ்கின்ஸ். யோசனை சொன்ன பெல்லின் ஊரான பிலடெல்ஃபியா கோப்பையைத் தொட 1948 வரை காத்திருந்தது. டிராஃப்டின் ஆதரவாளர்கள் தவறாமல் எடுத்துக்காட்டும் ஊர் கிரீன் பே. ஒரு லட்சம் பேர் மட்டுமே வாழும் அந்த ஊரின் பேக்கர்ஸ் அணி நியூயார்க்கோடு சமமாக மோதுவது டிராஃப்டின் தயவு என்பார்கள். ஆனால் பேக்கர்ஸ் 1929, 1930, 1931 என மூன்று ஆண்டும் தொடர்ந்து பட்டம் வென்றது டிராஃப்ட் வருவதற்கு முன்பு. இன்றைக்குச் சின்ன ஊர் அணியைக் காப்பாற்றுபவை வேறு இரண்டு. தொலைக்காட்சி உரிமையை லீக் மொத்தமாக விற்று எல்லா அணிகளுக்கும் சமமாகப் பிரித்துக்கொடுக்க 1961-ல் வந்த சட்டம் ஒன்று. ஓர் அணி வீரர்களுக்கு மொத்தமாக இவ்வளவுதான் செலவிடலாம் என்று 1994-ல் வந்த சம்பள வரம்பு மற்றொன்று. 2025-ல் அந்த வரம்பு 27.92 கோடி டாலர். பணக்கார முதலாளி எவ்வளவு ஆசைப்பட்டாலும் அதற்கு மேல் போக முடியாது.

போகட்டும், முதல் வாய்ப்பு பலவீனமான அணிக்கு நிச்சயமான உதவியாகவாவது இருக்கிறதா? பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலரும் கேட் மாசியும் டிராஃப்ட் தரவுகளை ஆராய்ந்தார்கள். ஒரே இடத்தில் ஆடும் வீரர்களில் முன்னதாக எடுக்கப்பட்டவர், அடுத்து எடுக்கப்பட்டவரைவிட நன்றாக ஆடுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 52 விழுக்காடுதான் என்று கண்டார்கள். நாணயம் சுண்டுவதைவிடக் கொஞ்சம் மேல். அணிகள் முதல் வாய்ப்புகளுக்குத் தகுதியை மீறிய விலை கொடுக்கின்றன என்பதும் அவர்கள் முடிவு. நடந்ததும் அதையே சொல்கிறது. 2000-ல் 199-வது ஆளாக எடுக்கப்பட்ட டாம் பிரேடி ஏழு கோப்பைகளை வென்றார். 2007-ல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜமார்கஸ் ரசல் மூன்று பருவங்களோடு காணாமல் போனார். கிளீவ்லாந்து பிரவுன்ஸ் 2017, 2018 இரண்டு ஆண்டும் முதல் வாய்ப்பைப் பெற்றும் சாம்பியன் ஆகவில்லை. அதே காலத்தில் கடைசி வரிசையில் நின்று தேர்ந்தெடுத்த நியூ இங்கிலாந்து அணி கோப்பைகளை அடுக்கியது. பயிற்சியாளரும் நிர்வாகமும் சரியில்லாத அணிக்கு எத்தனை முதல் ஆட்களைக் கொடுத்தாலும் தேறுவதில்லை.

யாருடைய பணம் மிச்சமாகிறது?

விலை விஷயத்தில் டிராஃப்டின் வேலை துல்லியமானது. 1960-களில் ஏஎஃப்எல் என்ற போட்டி லீக் தோன்றியபோது ஒரே வீரரை இரண்டு லீகுகள் டிராஃப்ட் செய்தன. 1965-ல் நியூயார்க் ஜெட்ஸ், ஜோ நேமத்துக்கு 4,27,000 டாலர் கொடுத்தது. அன்றைக்கு அது நாடே வாய்பிளந்த தொகை. கையைக் கடிக்கும் இந்தப் போட்டியைப் பொறுக்காமல் இரு லீகுகளும் 1966-ல் இணைய உடன்பட்டன. 1967 முதல் ஒரே டிராஃப்ட். நீதிமன்றமும் இதைக் கவனிக்காமல் இல்லை. 1968-ல் எடுக்கப்பட்டு முதல் பருவத்திலேயே கழுத்தில் அடிபட்டு ஓய்ந்த ஜேம்ஸ் ஸ்மித் என்ற வீரர் வழக்குப் போட்டார். போட்டியை நசுக்கும் ஏற்பாடு இது, சட்டவிரோதம் என்று 1976-ல் தீர்ப்பு வந்தது. 1978-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் இடையில் 1977-ல் லீகும் வீரர் சங்கமும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தில் டிராஃப்ட் இடம்பெற்றுவிட்டது. சங்கத்தோடு பேசி ஒப்புக்கொண்ட நிபந்தனைக்குப் போட்டியைக் காக்கும் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. நீதிமன்றம் மூடிய கதவு பேச்சுவார்த்தை வழியாகத் திறந்துகொண்டது.

பிறகு வந்த கூட்டு ஒப்பந்தங்களில் புதியவர்களின் சம்பளம் எங்கே போனது என்று பாருங்கள். 2010-ல் முதல் ஆளான சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம். 2011-ல் புதியவர்களுக்கென்று சம்பளப் படிநிலை வந்தது. அந்த ஆண்டு முதல் ஆளான கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்குக் கிடைத்தது 2.2 கோடி. எடுக்கப்பட்ட வரிசை எண்தான் சம்பளத்தைத் தீர்மானிக்கிறது. ஒப்பந்தம் நான்கு ஆண்டுக்கு, மூன்று பருவம் முடியும் முன் திருத்தவும் முடியாது. 2022-ல் கடைசி ஆளாக, 262-வதாக எடுக்கப்பட்ட பிராக் பர்டி தம் இரண்டாம் பருவத்திலேயே சான் ஃபிரான்சிஸ்கோவை இறுதிப் போட்டிக்கு இட்டுச்சென்றார். அந்த ஆண்டு அவருடைய அடிப்படைச் சம்பளம் 8.7 லட்சம் டாலர். அதே இடத்தில் ஆடும் முன்னணி வீரர் ஜோ பரோ அதே ஆண்டு போட்ட ஒப்பந்தம் ஆண்டுக்கு 5.5 கோடி டாலர். பர்டியின் உண்மையான விலை 2025-ல்தான் வெளியே வந்தது: ஐந்து ஆண்டுக்கு 26.5 கோடி. அவருக்கு நல்ல காலம், அதுவரை உடம்பு தாங்கியது. எலும்பும் தசைநாரும் தினமும் பணயம் வைக்கப்படும் இந்த ஆட்டத்தில் முதல் ஒப்பந்தம் முடியும் முன்பே களத்தைவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். திறந்த சந்தையில் தங்கள் விலை என்ன என்பதையே அவர்கள் அறியப்போவதில்லை.

மறுப்புகள்

“சங்கமே கையெழுத்துப் போட்டிருக்கிறதே?” என்று கேட்கலாம். சட்டப்படி அது வலுவான பதில்தான். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாரிஸ் கிளாரெட் மூன்றாண்டு விதியை எதிர்த்துப் போட்ட வழக்கு 2004-ல் இதில்தான் விழுந்தது. கீழ் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. மேல்முறையீட்டில் அது தள்ளுபடியானது. பிற்பாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போன சோனியா சோட்டோமேயர் எழுதிய தீர்ப்பு அது. ஆனால் நியாயத்தின்படி பார்த்தால், பேரம் பேசும்போது சங்கத்தில் இருப்பவர்கள் மூத்த வீரர்கள். யாருடைய சம்பளம் வெட்டப்படுகிறதோ அவர்கள் அப்போது கல்லூரியில், சிலர் பள்ளியில் இருக்கிறார்கள். தங்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் என்றால் இன்னும் வாசலுக்கே வராதவனின் பங்கை விட்டுக்கொடுப்பது எந்தச் சங்கத்துக்கும் எளிது.

“பதினெட்டு வயதுப் பையனை முப்பது வயது முரட்டு வீரனோடு மோதவிடலாமா?” என்பது இதைவிடக் கனமான மறுப்பு. இதை ஏற்கவே வேண்டும். ஆனால் எந்த வயதில் வரலாம் என்பது ஒரு கேள்வி; எந்த அணிக்குப் போவது என்று யார் முடிவு செய்வது என்பது வேறு கேள்வி. முன்னதை வைத்துக்கொண்டே பின்னதை மாற்றலாம். கல்லூரியின் நிலையும் முன்போல் இல்லை. உதவித்தொகைக்கு மேல் எதுவும் வாங்கக் கூடாது என்றிருந்த காலம் போய், 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025-ல் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி, ஒரு பல்கலைக்கழகம் தன் எல்லா விளையாட்டு வீரர்களுக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் வரை நேரடியாகவே பங்கு தரலாம். கல்லூரிப் பருவம் முடியும் முன்பே டிராஃப்டுக்குப் பெயர் கொடுப்போர் அண்மை ஆண்டுகளில் வெகுவாகக் குறைந்திருப்பதற்கு இது முக்கியக் காரணம். பேரம் பேச இடம் கிடைத்தால் இந்த இளைஞர்கள் நிதானமாகக் கணக்குப் போடுகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

“விருப்பத்துக்கு விட்டால் எல்லோரும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் நியூயார்க்குக்கும் ஓடிவிடுவார்கள்” என்பது கடைசி மறுப்பு. சம்பள வரம்பும், ஓர் அணியில் 53 பேர்தான் என்ற வரம்பும் இருக்கும்போது எல்லோரும் ஓர் இடத்துக்குப் போக முடியாது. களத்தில் இறங்க வாய்ப்புள்ள இடமே இளம் வீரருக்கு முதல் ஈர்ப்பு. ஏற்கெனவே நட்சத்திரம் இருக்கும் அணியில் பெஞ்சில் உட்கார யாரும் ஆசைப்படுவதில்லை. செல்வாக்குள்ளவர்கள் இந்த உரிமையை எப்போதோ எடுத்துக்கொண்டும் விட்டார்கள். 1983-ல் ஜான் எல்வே பால்டிமோருக்குப் போக மறுத்து டென்வருக்குப் போனார், பேஸ்பால் வாய்ப்பு அவர் கையில் இருந்தது. 2004-ல் எலி மேனிங் சான் டியாகோவை ஒதுக்கி நியூயார்க் ஜயன்ட்ஸில் சேர்ந்தார், அவருடைய அப்பா பெயர்பெற்ற முன்னாள் வீரர். லீக் இடிந்துவிடவில்லை. அமெரிக்கப் பெண்கள் சாக்கர் லீகான என்டபிள்யூஎஸ்எல் 2024-ல் வீராங்கனைகளோடு செய்த ஒப்பந்தத்தில் டிராஃப்டையே எடுத்துவிட்டது.

ஆகவே யோசனை சிக்கலானதல்ல. புதியவர்களுக்கென்று ஒவ்வோர் அணிக்கும் ஒரு தொகையை ஒதுக்கலாம். கடைசியில் நின்ற அணிக்கு அதிகம், சாம்பியனுக்குக் குறைவு. அந்தத் தொகைக்குள் எந்த அணியும் எந்த வீரரையும் அழைக்கலாம், வீரர் விரும்பிய அழைப்பை ஏற்கலாம். நலிந்த அணிக்கான உதவி அப்படியே நீடிக்கும். அது கட்டாயத்தால் இல்லாமல் நல்ல சம்பளத்தால் வந்து சேரும். நிர்வாகத்தைச் சீராக்காத அணி தோற்றுக்கொண்டே வெகுமதி வாங்குவதும் நிற்கும். இப்போதைய கூட்டு ஒப்பந்தம் 2030 பருவத்தோடு முடிகிறது. அடுத்த பேச்சுவார்த்தையில் லீக் டிராஃப்டைத் தொடர விரும்பினால், சமநிலை என்ற காரணத்தை மறுபடி சொல்லும் முன், சம்பள வரம்பும் தொலைக்காட்சிப் பங்கீடும் தராத எந்தச் சமநிலையை அது தருகிறது என்று காட்டட்டும். காட்ட முடியாவிட்டால், அது இளைஞர்களின் சம்பளத்தைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு என்று ஒப்புக்கொண்டு, அதற்குரிய விலையை அவர்களுக்குத் தரட்டும்.