பறக்க மறுக்கும் உரிமை

வாடகை ஹெலிகாப்டர், தனி விமானம் ஓட்டும் விமானிகளின் பணிச்சூழல் நம் உயிரோடு எப்படிப் பிணைந்திருக்கிறது?

2025 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை. பொழுது சரியாகப் புலராத ஐந்தரை மணி வாக்கில், கேதார்நாத்தில் சாமி கும்பிட்டுத் திரும்பிய பக்தர்களோடு குப்தகாசி நோக்கிக் கிளம்பிய ஹெலிகாப்டர் ஒன்று கௌரிகுண்டத்துக்கு மேலே உள்ள காட்டில் விழுந்து எரிந்தது. பள்ளத்தாக்கை மேகம் மூடியிருந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் இரண்டு வயது நிரம்பாத குழந்தையும் ஒன்று. ஏழாவது ஆள், விமானி. ராணுவத்தில் பல ஆண்டுகள் பறந்து ஓய்வுபெற்ற அதிகாரி.

அனுபவம் போதாதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. அன்றைய முதல் பயணத்துக்கு அனுமதிக்கப்பட்டிருந்த நேரம் காலை ஆறு மணிக்கு மேல்தான். அதற்கு முன்பே அந்த ஹெலிகாப்டர் கிளம்பிவிட்டது. ஏன் கிளம்பினார், ஏன் திரும்பவில்லை என்று அவரிடம் இனி கேட்க முடியாது. ஆனால், அவர் செய்துவந்த தொழிலிடம் கேட்கலாம். கேட்டே ஆக வேண்டும்.

அட்டவணை இல்லாத வானம்

நாம் டிக்கெட் வாங்கிப் போகும் விமானங்களுக்கு அட்டவணை உண்டு. நேரம், பாதை, மாற்று விமானி, தரையிலிருந்து வானிலை சொல்லும் ஆட்கள் என்று பின்னால் ஒரு பெரிய அமைப்பு நிற்கும். இதற்கு வெளியே இன்னொரு வானம் இருக்கிறது. தொழிலதிபர் அவசரமாகப் பிடிக்கும் ஜெட், எண்ணெய்க் கிணற்றுக்கு ஆள் மாற்றும் ஹெலிகாப்டர், தேர்தல் காலத்தில் தலைவர்களைச் சுமந்து ஊர் ஊராக இறங்கும் வாடகை விமானம், நோயாளியை ஏற்றிக்கொண்டு நள்ளிரவில் பறக்கும் ஆம்புலன்ஸ், கோயிலுக்குப் போகும் ஷட்டில் ஆகியவை எல்லாம் அந்த வானத்தைச் சேர்ந்தவை. ‘அட்டவணை சாராத சேவை’ என்று சொல்லி, இவற்றுக்குத் தனி அனுமதி தருகிறது நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ.

பெரிய விமான நிறுவனத்தில் ஒரு கேப்டன் “வானிலை சரியில்லை, கிளம்ப மாட்டேன்” என்றால், அந்தச் செய்தி பயணிகளுக்கு ஒலிபெருக்கி வழியாகத்தான் போய்ச் சேரும். கோபப்படுகிறவர்கள் கவுன்ட்டரில் கத்துவார்கள். கேப்டனின் சம்பளம் குறையாது. வாடகைக்குப் பறக்கும் சார்ட்டர் விமானிக்கு அந்தத் திரை கிடையாது. பணம் கொடுத்தவர் ஐந்தடி தூரத்தில் பெட்டியோடு நிற்கிறார். முதலாளியின் போன் எண் அவரிடம் இருக்கிறது. இவர் மறுத்தால் பறக்க இன்னொரு நிறுவனமும் தயாராக இருக்கிறது. மறுப்பின் முழுச் செலவும் ஒரு மனிதரின் தலையில் வந்து விழுகிறது.

பத்து நிமிடத்துக்கும் குறைந்த பயணம்

கேதார்நாத் கோயில் சுமார் 3,583 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கௌரிகுண்டத்திலிருந்து நடந்தால் 16 கிலோமீட்டர் மலையேற்றம். பாட்டா, சிர்சி, குப்தகாசி ஹெலிபேடுகளிலிருந்து பறந்தால் பத்து நிமிடம்கூட ஆகாது. அந்தப் பத்து நிமிடத்துக்குள் காற்று மெலிகிறது, எஞ்சினின் சக்தி குறைகிறது. ஒரு பயணியின் எடை கூடினாலும் கணக்கு மாறிவிடும். பறப்பவை பெரும்பாலும் ஒற்றை எஞ்சின் ஹெலிகாப்டர்கள். முன்னால் ஒரே ஒரு விமானி. கண்ணால் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். இரு பக்கமும் மலைச்சுவர். மேகம் இறங்கினால் திரும்புவதற்கே இடம் போதாது.

ஷட்டில் என்பதால் விமானி ஒவ்வொரு முறையும் இறங்கி இளைப்பாறுவதில்லை. விசிறி சுழன்றுகொண்டிருக்கும்போதே ஒரு கும்பல் இறங்க, அடுத்த கும்பல் ஏறுகிறது. அவர் இருக்கையை விட்டு எழாமலே அடுத்த சுற்றுக்குக் கிளம்புகிறார். மலை வானிலை மதியத்துக்குமேல் கெட்டுவிடும் என்பதால், காலை வேளையில் எத்தனை சுற்று முடியுமோ அத்தனையும் முடிக்கத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். யாத்திரைக் காலம் வருடத்தில் சுமார் ஆறு மாதம். அதிலும் மழைக்கு முந்தைய சில வாரங்களில்தான் வருமானம். ஒரு காலை வீணானால் அது நிறுவனத்தின் கணக்கில் நேரடி இழப்பு.

2025இல் மட்டும் அந்த மலைகளில் நடந்ததைப் பாருங்கள். மே 8இல் உத்தரகாசி மாவட்டத்தில் ஹெலிகாப்டர் விழுந்து ஆறு பேர் இறந்தார்கள். மே 17இல் ஓர் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் கேதார்நாத்தில் இறங்கும்போது வால் முறிந்தது. ஜூன் 7இல் இன்னொன்று நெடுஞ்சாலையில் அவசரமாக இறங்கியது. எட்டே நாளில் கௌரிகுண்டம். அதற்குச் சுமார் மூன்று வருடம் முன்பு, 2022 அக்டோபர் 18இல், இதே கேதார்நாத் பாதையில் பனிமூட்டத்தில் ஒரு ஹெலிகாப்டர் மோதி ஏழு பேர் மடிந்திருந்தார்கள்.

கௌரிகுண்டம் விபத்துக்குப் பிறகு அந்த ஹெலிகாப்டரை இயக்கிய நிறுவனத்தின் சேவை நிறுத்தப்பட்டது, நிர்வாகிகள் மீது வழக்குப் பதிவானது. அதே காலையில் மோசமான வானிலையில் பறந்ததாக வேறொரு நிறுவனத்தின் விமானிகள் இருவரின் உரிமங்களும் ஆறு மாதம் முடக்கப்பட்டன. விமானியைத் தண்டித்தது சரியே. ஆனால், பறந்ததற்குத் தண்டனை இருக்கும் ஊரில், பறக்க மறுத்தவருக்குப் பாதுகாப்பு இருக்கிறதா?

போன் மணி அடித்தால் வேலை

இந்தத் தொழிலுக்குள் வரும் இளைஞரின் கதையை முதலிலிருந்து பார்க்கலாம். இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்குள்ளேயே குடும்பத்தின் வீடோ நிலமோ வங்கியில் அடகுக்குப் போயிருக்கும். உரிமம் வந்ததும் வேலை வந்துவிடாது. குறிப்பிட்ட ரக விமானத்துக்கான டைப் ரேட்டிங் பயிற்சிக்குத் தனிப் பணம். நிறுவனமே அந்தச் செலவை ஏற்றால், இத்தனை வருடம் விலக மாட்டேன் என்று பாண்ட் எழுதித் தர வேண்டும். சிறிய நிறுவனத்தில் மணிக்கணக்கு சேர்த்தால்தான் பெரிய நிறுவனத்துக்குப் போக முடியும். ஆகவே பறக்காத நாள் ஒவ்வொன்றும் அவருக்கு இரட்டை நஷ்டம். பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று படி கிடைக்கும் இடத்தில் அன்றைய வருமானமும் போகிறது, சேர வேண்டிய மணியும் போகிறது.

இதோடு ஓய்வின் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சார்ட்டர் விமானிக்கு நாளைய ரோஸ்டர் வாடிக்கையாளரின் மனதில் இருக்கிறது. பகல் முழுக்க ஸ்டாண்ட்பையில் காத்திருந்து, இரவு பத்து மணிக்கு அழைப்பு வந்து, விடியும்வரை பறக்க நேரலாம். காத்திருந்த நேரத்தை ‘ஓய்வு’ என்று எழுதிவிடுவது காகிதத்தில் சுலபம். உடம்பு அதை ஒப்புக்கொள்ளாது.

இது நம் நாட்டின் பிரச்சினை மட்டுமல்ல. 2009 பிப்ரவரி 12 இரவு, அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே, பெரிய நிறுவனம் ஒன்றின் பெயரில் ஒப்பந்தத்துக்குப் பறந்துகொண்டிருந்த சிறு நிறுவனத்தின் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். துணை விமானியான இளம்பெண், வேலைக்கு வருவதற்காக முந்தைய இரவு நாட்டின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைவரை சரக்கு விமானங்களில் தொற்றிக்கொண்டு வந்திருந்தார். வேலையிடத்துக்கு அருகில் அறை எடுத்துத் தங்கக் கட்டுப்படியாகாத சம்பளம். அந்த விபத்தில் இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடியதால் 2010இல் புதிய சட்டமும், 2014இல் பயணிகள் விமான நிறுவனங்களுக்குக் கடுமையான ஓய்வு விதிகளும் வந்தன.

ஆனால், அங்குள்ள சார்ட்டர் விமானிகளுக்கு அந்தப் புதிய விதிகள் பொருந்தவில்லை. பழைய விதிப்படி, மூன்று மாதத்தில் 13 முழு நாள் விடுப்பு தந்தால் போதும். ஒரு வாரத்துக்கு ஒரு நாள்! பஃபலோ விபத்துக்குச் சுமார் ஆறு மாதம் முன்பே, 2008 ஜூலை 31இல், மினசோட்டாவின் ஒவட்டோனாவில் ஒரு சார்ட்டர் ஜெட் ஓடுபாதையில் நிற்க முடியாமல் மீண்டும் எழும்ப முயன்று நொறுங்கி எட்டு பேர் இறந்தார்கள். இரு விமானிகளின் செயலையும் களைப்பு பாதித்திருக்கக்கூடும் என்று அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் எழுதியது.

நம் நாட்டிலும் விமானிகளின் ஓய்வு பற்றி 2025 டிசம்பரில் ஊரெல்லாம் பேசினோம். வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கிய புதிய விதிகளுக்குத் தயாராகாத பெரிய நிறுவனத்தின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானதால் வந்த பேச்சு அது. அந்த விதிகள் அட்டவணை விமானங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. மலையிலும் கடலிலும் தனியாகப் பறப்பவர்களின் களைப்பு அந்த விவாதத்தில் இடம்பெறவே இல்லை.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது?

‘பற’ என்று யாரும் கட்டளையிடத் தேவையில்லை என்பதே இந்தத் தொழிலின் ஆபத்து. 2015 ஜூன் 25இல் அலாஸ்காவின் கெச்சிக்கன் அருகே ஒரு சுற்றுலா விமானம் மலையில் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். எட்டுப் பயணிகளும் உல்லாசக் கப்பலில் வந்தவர்கள். கப்பல் கிளம்புவதற்குள் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். மோசமான வானிலையில் பறப்பதை மறைமுகமாக ஏற்றுக்கொண்ட நிறுவனச் சூழலையும், போட்டி நிறுவனங்களோடு இருந்த நெருக்கடியையும் விசாரணை வாரியம் சுட்டிக்காட்டியது.

2020 ஜனவரி 26இல் கூடைப்பந்து வீரர் கோபி பிரயன்ட் உட்பட ஒன்பது பேர் இறந்த ஹெலிகாப்டர் விபத்து இன்னும் நுட்பமான பாடம். வாடிக்கையாளரோ நிறுவனமோ விமானியை வற்புறுத்தியதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. நெடுநாள் பழகிய, மதிப்புமிக்க வாடிக்கையாளரை ஏமாற்றக் கூடாது என்று அந்த விமானி தனக்குத் தானே சுமத்திக்கொண்ட அழுத்தம்தான் அவரை மேகத்துக்குள் தள்ளியிருக்கும் என்றது வாரியம்.

நம் ஊர் அரசியல் பயணங்களை இதோடு நினைத்துப் பாருங்கள். மக்களவைத் தலைவராக இருந்த பாலயோகி 2002இல் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். ‘படையப்பா’வில் நடித்த சௌந்தர்யா, 2004 ஏப்ரல் 17இல் தேர்தல் பிரச்சாரத்துக்குக் கிளம்பிய சிறு விமானம் பெங்களூருவில் விழுந்து இறந்தார். அந்தப் பெயர்கள் நமக்கு மறக்கவில்லை. அவர்களோடு இறந்த விமானிகளின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மைதானத்தில் ஐம்பதாயிரம் பேர் காத்திருக்கும்போது, தலைவரைப் பார்த்து “ஐயா, இன்று போக முடியாது” என்று சொல்ல வேண்டிய மனிதர் அவர்தான்.

அமர்த்துபவர் கையில் இருக்கிறது

மாற முடியாத தொழில் இது என்று கைவிட வேண்டியதில்லை. மும்பையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் இருக்கும் மும்பை ஹை எண்ணெய் வயலுக்கு, ஜுஹுவிலிருந்து தினமும் ஹெலிகாப்டர்கள் ஒப்பந்தத்தில் பறக்கின்றன. அங்கும் விபத்துகள் உண்டு. 2018 ஜனவரி 13இல் ஐந்து அதிகாரிகளும் இரு விமானிகளும் கடலில் இறந்தார்கள். 2022 ஜூன் 28இல் ஒன்பது பேரோடு ஒரு ஹெலிகாப்டர் கடலில் இறங்க, நால்வர் இறந்தார்கள். ஆனாலும், கடல் எண்ணெய்த் துறை உலகெங்கும் ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. இரண்டு எஞ்சின், இரண்டு விமானிகள், தண்ணீரில் மிதக்க வைக்கும் காற்றுப்பைகள், பயணிகளுக்குக் கடலில் தப்பும் பயிற்சி ஆகியவற்றை எண்ணெய் நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்குகின்றன. 2022இல் ஐவர் உயிரோடு மீண்டதில் இத்தகைய ஏற்பாடுகளுக்குப் பங்கு உண்டு. பணம் கொடுப்பவர் கேட்டால், பாதுகாப்பு வருகிறது.

கேதார்நாத்திலும் 2025 செப்டம்பரில் சேவை மீண்டும் தொடங்கியபோது, விமானக் கட்டுப்பாட்டு அலுவலர்களும் வானிலை ஆய்வாளர்களும் அங்கே பணியமர்த்தப்பட்டார்கள். வரவேற்க வேண்டிய அடி. அதோடு நிற்கக் கூடாது.

சுற்றுக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு என்று சம்பளத்தைப் பறப்போடு கட்டுவதை மலைப்பாதைகளில் ஒழிக்க வேண்டும். மாதச் சம்பளம் முழுதாக வர வேண்டும். வானிலையால் நின்ற பயணத்துக்கு நிறுவனத்திடம் அபராதம் பிடிக்கும் விதி அரசு ஒப்பந்தம் எதிலும் இருக்கக் கூடாது. ஸ்டாண்ட்பை நேரம் வேலை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். பறக்க மறுத்த விமானி அதற்காக வேலை இழந்தால், முறையிட டிஜிசிஏவில் பெயர் வெளிவராத ஒரு வழி வேண்டும். ஒருவர் மறுத்த பயணத்தை அடுத்த நிறுவனம் எடுத்துக்கொள்ளவும் கூடாது. வானிலை கெட்டால் பள்ளத்தாக்கு முழுவதும் எல்லோருக்கும் மூடப்பட வேண்டும். அப்போதுதான் மறுப்பவர் மட்டும் தோற்பது நிற்கும்.

கடைசியாக, பயணியாகப் போகும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். யாத்திரைக்கோ, அவசரச் சிகிச்சைக்கோ, தொழிலுக்கோ என்றாவது இப்படி ஒரு ஹெலிபேடில் நிற்க நேர்ந்தால், “பக்கத்து கம்பெனி போகிறதே, நீங்கள் ஏன் போகவில்லை?” என்று தயவுசெய்து கேட்காதீர்கள். விமானி “இன்று முடியாது” என்று சொன்னால், அவருக்கு நன்றி சொல்லிவிட்டு அறைக்குத் திரும்புங்கள். கோயில் நாளையும் அங்கேதான் இருக்கும்.