தோள் நொந்தால் வில் காத்திருக்கட்டும்

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?" என்று கேட்டார்கள் நம் முன்னோர். அம்பு குறி தவறினால் குற்றம் அம்பினுடையதன்று, எய்தவனுடையதே. அந்த எய்தவனுடைய தோளே பழுதுபட்டிருந்தால் என்ன செய்வது? வலியைப் பொறுத்துக்கொண்டு வில்லை வளைப்பதா? அறுவைச் சிகிச்சையை ஏற்பதா? ஏற்பதென்றால், எப்பொழுது?

அன்புள்ள வாசகர்களே, வேட்டையைப் பற்றி நமக்கென்ன என்று நீங்கள் வியக்கலாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டில் இன்று வேட்டை குற்றம். ஆனால் அமெரிக்காவில் அது சட்டத்தின் வரம்புக்குள் நடைபெறும் குடும்ப வழக்கம். அங்குள்ள விஸ்கான்சின் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். வில்லுக்கென்றே தனியாக மான் வேட்டைப் பருவம் ஒன்றை அம்மாநிலம் 1934ஆம் ஆண்டிலேயே வகுத்தது. இன்று அப்பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி முதல் வாரம்வரை நீடிக்கிறது. தந்தை மகனுக்கு வில் பிடிக்கக் கற்பிப்பார்; கிடைத்த இறைச்சி பனிக்காலம் முழுவதும் வீட்டாருக்கு உணவாகும். ஆண்டெல்லாம் காத்திருந்து பெறும் பருவம் அது. ஆகவே, "உமது தோளில் தசைநாண் கிழிந்திருக்கிறது" என்று மருத்துவர் கூறியவுடன் வேட்டைக்காரர் கேட்கும் முதற்கேள்வி, "பருவம் முடிந்தபின் செய்துகொள்ளலாமா?" என்பதே. அக்கேள்விக்கு விடை காண்பது அத்துணை எளிதன்று.

வில்லும் தோளும்

நம் உடலிலுள்ள மூட்டுக்களுள் மிகுதியாக அசையக்கூடியது தோள்மூட்டு. ஆழமற்ற சிறு தட்டின்மேல் வைத்த பந்தைப்போல் அது அமைந்திருக்கிறது. அப்பந்து இடம் பெயராவண்ணம் நான்கு தசைகளின் நாண்கள் அதனைச் சூழ்ந்து பற்றியிருக்கின்றன. இவற்றை மருத்துவர்கள் 'ரோட்டேட்டர் கஃப்' என்கின்றனர். கையை உயர்த்தவும் திருப்பவும் இவை இன்றியமையாதவை.

வில் வளைக்கும்போது ஒரு கை வில்லைத் தோள் உயரத்தில் தாங்கி முன்னே தள்ளுகிறது. மற்றொரு கை நாணைப் பின்னே இழுக்கிறது. இரு தோள்களுக்கும் இதில் உழைப்பு உண்டு. மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் என்பவர் 1969ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற காம்பவுண்ட் வில், இப்பளுவை ஓரளவு குறைத்தது. வில்லின் முனைகளிலுள்ள சக்கரங்களின் உதவியால், 60 பவுண்டு விசையுள்ள வில்லை முழுவதும் இழுத்தபின் 12 பவுண்டு பளுவை மட்டும் தாங்கி நின்றாலே போதும் என்னும் வண்ணம் இன்றைய வில்கள் அமைக்கப்படுகின்றன. ஆனால் அந்நிலையை எட்டுமுன் முழு 60 பவுண்டையும், அதாவது ஏறத்தாழ 27 கிலோவை, தோள் ஒருமுறை கடந்தே ஆகவேண்டும்.

வேட்டைக்காரர் மரத்தில் கட்டிய பரணில் கடுங்குளிரில் மணிக்கணக்கில் அசையாமல் அமர்ந்திருப்பார். மான் தென்பட்டதும் விறைத்த தசைகளைக் கொண்டு திடீரென்று நாணை இழுப்பார். வலிமை போதாதபோது சிலர் வில்லை வானத்தை நோக்கி உயர்த்தி, இழுத்துக்கொண்டே தாழ்த்துவர். நொந்த தோளுக்கு இதைவிடக் கேடு வேறில்லை.

இருவகைக் கிழிசல்

தோள் நாணின் கிழிசல் எல்லாம் ஒன்றல்ல. வயது ஏற ஏற, கயிறு நைவதுபோல் நாளடைவில் நைந்து கிழிவது ஒருவகை. அறுபதைக் கடந்தவர்கள் பலருக்கு இத்தகைய கிழிசல் இருக்கிறது. அவர்களுள் பலருக்கு வலியே தோன்றுவதில்லை. இவ்வகையில் அவசரம் வேண்டுவதில்லை. அடிபடாமலே நாண் முழுவதும் கிழிந்திருந்த 452 பேரைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வொன்று 2013ஆம் ஆண்டில் வெளிவந்தது. முறையான உடற்பயிற்சிச் சிகிச்சை பெற்ற இவர்களுள், இரண்டு ஆண்டுகளுக்குள் அறுவைச் சிகிச்சையை நாடியவர் நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்கும் குறைவே.

பரணிலிருந்தோ ஏணியிலிருந்தோ விழுந்து, அந்த நொடியில் 'படக்' என்று ஏதோ அறுந்ததை உணர்ந்து, அதன்பின் கையை உயர்த்த இயலாமற் போவது மற்றொரு வகை. இதில் காலதாமதம் பகை. அறுந்த நாண் நாளாக நாளாக உள்ளே சுருங்குகிறது. உழைப்பின்றிக் கிடக்கும் தசை மெலிந்து, அதனுள் கொழுப்பு படர்கிறது. பின்னர் நாணைத் தைத்தாலும் அக்கொழுப்பு பெரும்பாலும் நீங்குவதில்லை. எனவேதான் இத்தகையவர்களுக்குச் சில வாரங்களுக்குள்ளேயே அறுவை செய்வது நலம் என்று மருத்துவர்கள் கருதுகின்றனர்.

நாட்காட்டியா, தோளா?

ஐம்பத்தெட்டு வயதான ஒரு வேட்டைக்காரரை மனத்தில் எண்ணிக்கொள்வோம். ஆகஸ்டு மாதம், பருவம் தொடங்க ஒரு மாதமே இருக்கிறது. அவரது தோள் இரண்டு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுக நோகிறது. இரவில் அப்பக்கம் படுக்க முடியவில்லை. ஆயினும் கையை உயர்த்த முடிகிறது. இவர் மருத்துவரின் அறிவுரைப்படி பயிற்சியை மேற்கொண்டு, வில்லின் விசையைக் குறைத்துக்கொண்டு, பருவம் முடியும்வரை காத்திருப்பதில் தவறில்லை. ஜனவரியில் அறுவை செய்துகொண்டால் அடுத்த செப்டம்பருக்கு எட்டு மாதங்கள் உள்ளன. நான்கு முதல் ஆறு வாரம்வரை கை தூளியில் கிடக்கும். ஏறத்தாழ மூன்று மாதத்திற்குப் பின்னரே வலுவூட்டும் பயிற்சி தொடங்கும். வில்லை மீண்டும் வளைக்கப் பெரும்பாலும் ஆறு மாதமாவது ஆகும். சிலருக்கு ஓர் ஆண்டும் ஆகலாம். ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுக்க வேண்டும்.

அதே மனிதர் சென்ற வாரம் ஏணியிலிருந்து விழுந்து, கையை உயர்த்த இயலாமல் இருந்தால்? அப்பொழுது ஜனவரிவரை காத்திருப்பது ஒரு பருவத்தைக் காப்பாற்றி, இனி வரும் பருவங்களையெல்லாம் பணயம் வைப்பதாகும். நாள் குறிக்க வேண்டியது சுவரில் தொங்கும் நாட்காட்டி அன்று, கிழிசலின் தன்மையே.

இன்னொன்றையும் நினைவிற் கொள்ளவேண்டும். வலியை அடக்கும் ஸ்டீராய்டு ஊசி தோளைக் குணப்படுத்துவதில்லை. எச்சரிக்கை மணியின் நாவைக் கட்டுகிறது. வலி மறைந்த மயக்கத்தில் 60 பவுண்டை இழுப்பவர் கிழிசலைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். மேலும், அறுவைக்குச் சற்று முன்பு போட்ட ஊசி நோய்த்தொற்று அபாயத்தைக் கூட்டுகிறது.

மானுக்கும் ஒரு நியாயம் உண்டு

இது வேட்டைக்காரரின் உடம்பைப் பற்றிய செய்தி மட்டுமன்று. அம்பு துப்பாக்கிக் குண்டைப்போல் அதிர்ச்சியால் கொல்வதில்லை. அதன் கூரிய அலகு நுரையீரலை ஊடுருவினால் மான் விரைவில் வீழும். கை நடுங்கிக் குறி ஒரு சாண் விலகினால், அது காயத்தோடு ஓடி நாட்கணக்கில் துன்புறும். நொந்த தோளோடு எய்பவன் தன் வலியை ஒரு வாயில்லாச் சீவனுக்கு மாற்றிக் கொடுக்கிறான்.

எனவே நேர்மையான சோதனை ஒன்று உண்டு. நாற்காலியில் அமர்ந்து, வில்லை மேலே உயர்த்தாமல், நாணை மெதுவாக இழுத்து, நடுங்காமல் அரை நிமிடம் நிற்க முடிகிறதா? முடியாவிட்டால் விசையைக் குறைக்க வேண்டும். மானை வேட்டையாட விஸ்கான்சின் சட்டம் கோரும் குறைந்த விசை 30 பவுண்டு மட்டுமே. கூரிய அலகோடு அருகிலிருந்து எய்தால் 40 பவுண்டு வில்லே போதும். அதுவும் இயலாதாயின் குறுக்கு வில் இருக்கிறது. துப்பாக்கியைப்போல் தோளில் அணைத்து விசையைத் தட்டி எய்வது அது. முன்னர் முதியோருக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் மட்டுமே உரியதாயிருந்த இச்சலுகையை அம்மாநிலம் 2014ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து எல்லோருக்கும் வழங்கியது. கைப்பிடியைச் சுழற்றி அதன் நாணை ஏற்றும் கருவியும் உண்டு. ஒரு கையை நம்பி மரமேறுவதைவிட, தரையில் மறைவிடம் அமைத்து அமர்வதே அறிவுடைமை.

முறையை மாற்றிக்கொள்வது இழுக்கன்று. கைகளின்றிப் பிறந்து, காலால் வில்லைத் தாங்கி எய்யும் அமெரிக்கர் மாட் ஸ்டட்ஸ்மன், 2024ஆம் ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக்கில் தங்கம் வென்றார். அவரைப்போலவே கைகளின்றிப் பிறந்த நம் நாட்டுச் சீத்தல் தேவி, அதே விளையாட்டு விழாவில் கலப்பு இரட்டையர் வில்வித்தையில் ராகேஷ் குமாருடன் சேர்ந்து வெண்கலம் பெற்றார்.

கேட்க வேண்டிய கேள்விகள்

அறுவை அறைக்குள் நுழையுமுன் கேட்கவேண்டியவை சில உள. கிழிசல் முழுமையானதா, பகுதியா? புதியதா, பழையதா? எம்.ஆர்.ஐ. படத்தில் தசை எந்நிலையில் இருக்கிறது? மூன்று மாதம் காத்திருந்தால் எதை இழப்பேன்? புகைப்பழக்கமும் நீரிழிவும் தைத்த நாண் கூடுவதைக் கெடுக்கும், அவற்றைக் கட்டுப்படுத்திவிட்டேனா? தூளி கட்டிய வாரங்களில் சட்டைக்குப் பொத்தான் போடவும், வண்டி ஓட்டவும், வீட்டைக் கவனிக்கவும் துணை யார்? கடைசிக் கேள்வியை மனைவி மக்களோடு கலந்தே விடுக்க வேண்டும். வேட்டைக்குச் செல்பவர் ஒருவரேயாயினும், தூளியின் சுமை குடும்பம் முழுவதற்கும் உரியது.

வில்லே பிடித்தறியாத நம் இல்லங்களிலும் தோள்கள் உண்டு. வலை இழுப்பவருக்கும், கிணற்றில் நீர் இறைப்பவருக்கும், சாந்துச் சட்டி சுமப்பவருக்கும் கிழிவது அதே நாண்தான். "அறுவடை முடியட்டும், மகள் திருமணம் முடியட்டும்" என்று நாமும் நாள் தள்ளுகிறோம். தள்ளக்கூடிய நோய் எது, தள்ளக்கூடாத நோய் எது என்பதை மருத்துவரிடம் தெளிந்த பின்னரே தள்ளுவோம். வேட்டைப் பருவம் ஆண்டுதோறும் செப்டம்பரில் திரும்பி வரும். மெலிந்து கொழுப்பேறிய தசை திரும்பி வருவது அரிது.